காவல் துப்பாக்கிக்கு லேசான விசை வேண்டாம்

திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் வயலுக்குப் போனால், விவசாயிகள் என்னிடம் உரத்தைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. காட்டுப்பன்றியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூன்று மாத உழைப்பை ஒரே இரவில் கிண்டிப் போட்டுவிட்டுப் போகும் பன்றிக்கு எந்தப் பூச்சிமருந்தும் கிடையாது.

போன பருவத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர், தன் தந்தைக்குப் பின் முறைப்படி உரிமம் மாற்றி வாங்கிய துப்பாக்கியைக் காட்டினார். "சார், இதோட டிரிகர் ரொம்ப முரடு. இழுக்கறதுக்குள்ள பன்னி ஓடிடுது. வெளிநாட்டுல லேசான டிரிகர் தனியாவே விக்கிறாங்களாம், பையன் செல்போன்ல காட்டினான். அந்த மாதிரி ஒண்ணு மாட்டிடலாமா?" என்று கேட்டார்.

நான் உழவியல் படித்தவன். துப்பாக்கி செய்பவன் அல்ல. ஆனாலும் பயிர்க்காவல் துப்பாக்கி ஒரு பண்ணைக் கருவி. எந்தக் கருவி எந்த வேலைக்கு என்று சொல்வது என் தொழில். அவரிடம் "வேண்டாம் ஐயா" என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சிறு விலங்குகளைப் பகல் வெளிச்சத்தில், துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, இருநூறு முந்நூறு மீட்டர் தூரத்திலிருந்து ரைபிளால் சுடுகிறார்கள். அவ்வளவு தூரத்தில் விசையை அழுத்தி இழுத்தால் குழல் இம்மி அசைந்தாலும் குறி தப்பும். அதனால் ஒரு கிலோவுக்கும் குறைவான இழுப்பில் விழும் விசையைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். அந்த வேலைக்கு அது சரி.

நம் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கென்று சொல்வது, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ரைபிள் இதில் வராது. நாம் அதை எடுப்பது இருட்டில், தூக்கக் கலக்கத்தில், ஒரு கையில் டார்ச்சோடு. இலக்கு முப்பது நாற்பது அடி தூரத்தில். இங்கே லேசான விசையால் வரும் லாபம் ஒன்றுமில்லை. ஆபத்துதான் மிச்சம்.

அதே நேரத்தில் வயலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போனவர் இருப்பார். மடை திருப்பக் குனிந்து நிற்பவர் இருப்பார். கடலைச் செடி அசைவது பன்றியாலா, பக்கத்து நிலத்துக்காரராலா என்பது டார்ச் அடித்த பிறகுதான் தெரியும். அந்த ஒரு நொடித் தயக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் விசைதான் நமக்கு நல்ல விசை.

நம்பகமான விசை என்றால் இழுத்தால் சுட வேண்டும். இழுக்காவிட்டால் சுடவே கூடாது. இரண்டாவதுதான் முக்கியம். புகழ்பெற்ற ரெமிங்டன் நிறுவனமே 2014இல் தன் 700 வகை ரைபிள்களைத் திரும்பப் பெற்றது. விசைப் பகுதியைப் பொருத்தும்போது ஒட்டுப்பசை அதிகமாகிப் போனதால், விசையைத் தொடாமலே வெடிக்கும் அபாயம் இருப்பது தெரியவந்தது. தொழிற்சாலைப் பசைக்கே இந்தக் கதி என்றால், வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிசினாகிப் போன நம் துப்பாக்கியை என்ன சொல்வது? பெரியவருடைய விசை முரடானதற்கும் அந்தப் பிசின்தான் காரணமாக இருக்கும். அதற்குச் சுத்தம் செய்வதுதான் வைத்தியம். விசையை மாற்றுவது அல்ல.

உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், மருந்தும் கேப்பும் இல்லாத நிலையில், மூன்று சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். குதிரையைப் பாதி ஏற்றி நிறுத்தி விசையை இழுத்தால் அது விழக்கூடாது. முழுதாக ஏற்றிய நிலையில் கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டினாலும் விழக்கூடாது. பூக்கடையில் தொங்கவிட்டு எடை போடும் தராசு போன்ற ஒன்றை விசையில் மாட்டி இழுத்தால், இரண்டு கிலோவுக்குக் குறைவாக விழக்கூடாது என்பது என் கருத்து. ஒன்றில் தவறினாலும் சரிசெய்யும்வரை அதைத் தொடாதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்துப் பல்லைத் தேய்க்கவும் வேண்டாம். உரிமம் இல்லாதவர் துப்பாக்கி பழுதுபார்ப்பது சட்டப்படி குற்றம். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய துப்பாக்கியையும் துரு பார்க்காமல் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. துப்பாக்கி உரிமம் என்பது வேட்டை உரிமம் அல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். நம் கையில் உள்ளது விரட்டும் சத்தம் மட்டுமே. அதற்கு வெறும் மருந்து போதும். கேப்பை வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். வைத்துக்கொண்டு வரப்பில் நடக்காதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும்போது, விசை சரியாக உள்ளது என்று பழுதுபார்ப்பவர் தரும் சான்றையும் கேளுங்கள். அலைய வைக்காமல், வட்டத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டால் விவசாயிகள் தாமாகவே கொண்டுவருவார்கள்.

வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காவலுக்கு முதலில் வேண்டியது கண்ணும் குரலும், கூட நிற்கும் ஆளும்தான். கடலையைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு போடுங்கள். அக்கம்பக்கத்தார் ஒரே வாரத்தில் விதைத்து, முறை வைத்துக் காவல் இருங்கள். பன்றி தின்ற கடலையை அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம். இருட்டில் தவறி வெடித்த ஒரு குண்டை எந்தப் பருவத்திலும் ஈடுகட்ட முடியாது.