சுனையின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?

சுற்றுச்சூழலைப் பற்றி நம் மக்களுக்கு அக்கறை கிடையாது என்று பேசுகிறவர்களை மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒருமுறை வந்துபோகச் சொல்வேன். அங்கே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவை ஒன்றிய அரசு 2024 நவம்பர் 7 அன்று அறிவித்தது. 2025 ஜனவரி 23 அன்று அந்த ஏலத்தையே ரத்து செய்தது. இடையில் பதினோரு வாரம். அதற்குள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், கடைகளை அடைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கான விவசாயிகள் பேரணியாகப் போனார்கள்.

இந்த வட்டாரத்தில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். போராட்டத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது டிசம்பர் கடைசியில் நடந்தது. ஏலம் விட்ட பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். அதில் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் 2 சதுர கிலோமீட்டர்கூட வராது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சுரங்க எல்லையை மாற்ற முடியுமா என்று ஆய்வு செய்யலாம் என்றது ஒன்றிய அரசு. வல்லூறு இருக்கும் அரிட்டாபட்டி மலை தப்பிவிடும், மற்றதைத் தோண்டலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நியாயமான ஏற்பாடாகத்தான் தெரியும். ஊர்க்காரர்கள் ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஏனென்றால் இங்கே மலை வேறு, கண்மாய் வேறு இல்லை. பாறையில் விழும் மழை சுனையில் இறங்குகிறது. சுனையின் கசிவும் சரிவில் வழியும் தண்ணீரும் ஓடையாகி முதல் கண்மாய்க்கு வருகின்றன. அது நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு மலைகளும் எழுபதுக்கு மேற்பட்ட நீர்நிலைகளும் இப்படித்தான் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. நடுவில் எங்கே தோண்டினாலும் கீழே ஓர் ஊரின் ஆயக்கட்டு காயும். காகிதத்தில் எல்லைக்கோடு போட்டவர்களுக்கு இது தெரியவில்லை. ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறிவு பதினோரு வாரத்தில் வந்ததில்லை. கிரானைட்டுக்காக மேலூர் வட்டாரத்தில் குன்றுகளை வெட்டி எடுத்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை இது. அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலைக்கு வந்த குவாரியை எதிர்த்துப் போராடினார்கள். பிறகு பறவை ஆர்வலர்கள் வந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடந்து, இருக்கிற பறவைகளையும் விலங்குகளையும் எழுதினார்கள். லகர் வல்லூறு, இராசாளி, தேவாங்கு, அழுங்கு எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. சுரங்கச் செய்தி வந்தபோது தங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. என் கணிப்பில் வெற்றிக்கு முதல் காரணம் அதுதான்.

எல்லா ஊருக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு மக்களைக் கலந்து பேசி ஒரு பதிவேடு எழுத வேண்டும். நாடு முழுக்க இந்த வேலை கிடப்பில் கிடந்தது. 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும் அவசர அவசரமாக எழுதினார்கள். அப்படி எழுதிய ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மரங்கள் என்ற தலைப்பில் வேம்பு, புளி, பனை, கருவேலம். பறவைகளில் காகம், மைனா, கொக்கு. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் தஞ்சாவூருக்கும் பொருந்தும், தருமபுரிக்கும் பொருந்தும். மலையடியில் இருக்கும் சுனையின் பெயர் அதில் இல்லை. ஊரில் அந்தப் பெயர் தெரியாத கிழவி ஒருவர்கூடக் கிடையாது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். ஆங்கில அறிக்கை தலையணை கனத்தில் மேசையில் இருந்தது, தமிழில் மெலிதான சுருக்கம். நீர்நிலைகளுக்குப் பாதிப்பில்லை என்று அதில் ஒரு வரி. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். “அய்யா, நீங்க குறிச்சிருக்கிற இடத்துக்கு மேற்கால ஒரு ஓடை இருக்கு. சித்திரையில வந்து பாத்திருப்பீக, காஞ்சுதான் கெடக்கும். ஐப்பசியில வாங்க, முழங்காலுக்கு ஓடும். எங்க கம்மாய்க்கு அதுதான் வரத்து” என்றார். கூட்டம் முடிந்து நடவடிக்கைக் குறிப்பை வாசித்தபோது அந்த ஓடை அதில் ஏறியிருந்தது. அறிக்கை தயாரித்தவர்கள் விட்டதை ஒரு பெண்ணின் ஒரு நிமிடப் பேச்சு சேர்த்தது.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் இப்போது பறித்திருக்கிறார்கள். அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. முக்கியக் கனிமப் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் எடுக்க நினைக்கும் கடற்கரைத் தாது மணல் அணுக் கனிமப் பட்டியலில் வருகிறது. நாட்டின் பாதுகாப்புக்கு இவை வேண்டும் என்பது வாதம். வேண்டியதாகவே இருக்கட்டும். தோண்டப்போகும் ஊரில் எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேட்பதால் எந்த நாட்டின் பாதுகாப்பு கெடும்? இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்.

காலநிலை மாற்றமும் இதே கதைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நாள்கணக்கில் நின்று பெய்ய வேண்டிய மழை இனி ஒரு ராத்திரியில் கொட்டும் என்றால், எந்தக் கரை பலவீனம், எந்தக் கலுங்கில் வேலிக்கருவை அடைத்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அது கண்மாய் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். ஆட்சியர் தலைமையில் மாவட்டம்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்திருப்பதை மனதார வரவேற்கிறேன். அந்தக் கூட்டங்களில் நீர்பாய்ச்சிகளுக்கும் மீனவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதற்கு மட்டும் மக்களைக் கூப்பிடுவது அவர்களை அவமதிப்பது.

மதுரை மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. நரசிங்கம்பட்டிப் பேரணிக்கு இரண்டே நாள் முன்பு. பிறகு நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உங்களுடையது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வீட்டில் வயதானவர்களையும், மாடு ஆடு மேய்க்கிறவர்களையும் கூட்டிப்போங்கள். உங்கள் ஊரின் பல்லுயிர்ப் பதிவேட்டைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன சுனையை, ஓடையை, மரத்தைப் பெயரோடு சொல்லுங்கள். அவற்றைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.