சாண்ட்விச்சா, ரிகார்டா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நியாயமான மனுஷன் என்ன செய்வான்? தூங்குவான். எங்கள் குடியிருப்பில் நாலு பேர் மட்டும் தூங்காமல், என் வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அமெரிக்கப் பாட்டு கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒன்றரை வருஷமாக. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'அரைப் பரீட்சை பேப்பர் திருத்தல்'. பேப்பர் திருத்துகிறவர்களுக்காவது காசு வரும், உங்களுக்கு டிகாஷன்தான் செலவு என்பாள்.

சங்கத்தின் விதிகள் சுலபமானவை. வாரத்துக்கு ஒரு ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நடுவில் நிறுத்தக் கூடாது. போன் வந்தால் எடுக்கக் கூடாது. முடிந்ததும் பத்துக்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கலாம். எல்லாம் ஒரு நோட்டில் ஏறும்.

அங்கத்தினர்கள் நாலு பேர். மாடி வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், டிசம்பர் மாதம் ஆளே அகப்படாத சங்கீதப் பைத்தியம். என் மச்சினன், எந்தப் பாட்டுக்கும் காலாட்டுவான், விளம்பரத்துக்கும் ஆட்டுவான். என் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், இந்த வியாதியை எங்களுக்குத் தொற்ற வைத்த புண்ணியவான். அப்புறம் நான்.

சங்கத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இரண்டே இரண்டு. ஸோல், ஃபங்க்.

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று ஹெட்மாஸ்டர் முதல் நாளே கேட்டார்.

"ஸோல்னா சார், கறுப்பின மக்கள் சர்ச்சுல கடவுளைப் பார்த்து உருகிப் பாடுவாங்க இல்லையா, அதே உருக்கத்தோட பொண்ணைப் பார்த்துப் பாடறது. ஃபங்க்குல உருக்கம் கம்மி, தாளம் ஜாஸ்தி. முதல் தட்டு விழற இடம்தான் எல்லாம். டிரம்ஸ், கிடார், ஊதறவங்க எல்லாரும் அந்த ஒண்ணாம் இடத்துல வந்து மோதணும். ஜேம்ஸ் பிரவுன் அதுக்கு 'தி ஒன்'னே பேர் வச்சிருந்தார்."

"சமம்னு சொல்லேன். இதுக்கு எதுக்கு அமெரிக்கா வரைக்கும் போற?" என்றார் ஹெட்மாஸ்டர்.

அன்று நாங்கள் கேட்ட முதல் ஆல்பம் எது, அதற்கு நான் போட்ட மார்க் எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

* * *

ஜேம்ஸ் பிரவுன் என்றேன் அல்லவா? அவருடைய 'லைவ் அட் தி அப்போலோ'வில் ஆரம்பிப்போம். அப்போலோ என்றதும் வயிற்றில் புளி கரைய வேண்டாம், இது நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் இருக்கும் தியேட்டர். 1962 அக்டோபர் 24, புதன்கிழமை ராத்திரி. அதே நாளில்தான் கியூபாவைச் சுற்றி கென்னடி போட்ட கடற்படைத் தடை அமலுக்கு வந்தது. உலகமே நாளைக்கு அணுகுண்டு விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தியேட்டருக்குள் ஜனங்கள் வேறு காரணத்துக்காக அலறிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய ரிகார்டு கம்பெனி 'கிங்'. முதலாளி ஸிட் நேதன். மேடைக் கச்சேரியை அப்படியே ரிகார்டாகப் போடலாம் என்று பிரவுன் சொன்னபோது முதலாளி முடியாது என்றார். காரணமும் வியாபாரி சொல்கிற காரணம்தான். எல்லாம் ஏற்கெனவே தனித்தனி ரிகார்டாக வந்து விற்ற பாட்டு, அதையே திரும்ப எவன் வாங்குவான்? பிரவுன் சொந்தக் காசைப் போட்டுப் பதிவு செய்தார். 1963-ல் வெளியானது. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் இறங்காமல் இருந்தது. ரேடியோக்காரர்கள் ஒரு பாட்டைப் போட்டு நிறுத்துவதை விட்டுவிட்டு ஒரு பக்கம் முழுவதையும் ஓட விட்டார்கள்.

இந்த ரிகார்டில் எனக்குப் பிடித்தது பிரவுன் இல்லை, கூட்டம்தான். 'லாஸ்ட் ஸம்ஒன்' பாட்டைப் பத்து நிமிஷத்துக்கு இழுப்பார். ஒரே வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். கூட்டம் கத்தும். குரலை இறக்குவார். யாரோ ஒரு பெண் தாங்க முடியாமல் வீரிடுவாள். ரசிகர்களின் அபிப்பிராயத்தையும் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்து விற்ற ரிகார்டு அது.

சீட்டைப் பிரித்தோம். மச்சினன் பத்து. பையன் ஒன்பது. நான் எட்டு. ஹெட்மாஸ்டர் ஏழு. "கூட்டத்தை அடக்கியிருந்தா இன்னும் ஒண்ணு போட்டிருப்பேன்." வகுப்பறைப் பழக்கம், விடாது.

* * *

அடுத்து மோட்டவுன். டெட்ராய்ட் நகரத்துக் கம்பெனி. பெர்ரி கோர்டி என்பவர் 1959-ல் வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அவர் கார் தொழிற்சாலையில் அஸெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். ஒரு பக்கம் வெறும் தகடாகப் போகிறது, மறு பக்கம் பளபளவென்று காராக வருகிறது. பாடகர்களையும் இப்படித் தயாரித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தயாரித்தார். சூப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே.

தொழிற்சாலை என்றால் தரக் கட்டுப்பாடு வேண்டாமா? வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ஒரு மீட்டிங். லேட்டாக வந்தால் கதவு திறக்காது. அந்த வாரம் தயாரான பாட்டுகளைப் போட்டுக் காட்டி ஓட்டெடுப்பு நடக்கும். அப்போது கோர்டி கேட்கிற கேள்வி பிரசித்தம். உன் பாக்கெட்டில் கடைசியாக ஒரே ஒரு டாலர்தான் இருக்கிறது, பசி வேறு. இந்த ரிகார்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா?

மாசக் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். பாட்டைப் பற்றி இதைவிட நேர்மையான கேள்வி இருக்க முடியாது என்று நினைக்கிறேன். தப்பு கேள்வியில் இல்லை. பதில் சொல்கிறவர்கள் எல்லோரும் மூன்று வேளை சாப்பிட்டவர்கள், அதில்தான்.

உதாரணம் பாருங்கள். 'ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' என்ற பாட்டை மார்வின் கே 1967-ல் பாடி முடித்துவிட்டார். கோர்டி வேண்டாம் என்றார். அதே பாட்டை கிளாடிஸ் நைட் கோஷ்டி வேறு மாதிரி பாடி, அது வெளியாகி, நன்றாகவும் விற்றது. மார்வின் பாடினதை 1968-ல் ஒரு ஆல்பத்தின் உள்ளே இடம் நிரப்ப வைத்தார்கள். ஆல்பத்தைப் பிரித்த ரேடியோக்காரர்கள் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள், கேட்டவர்கள் இன்னும் போடு என்றார்கள். கம்பெனி வேறு வழியில்லாமல் தனி ரிகார்டாக விட்டது. ஏழு வாரம் முதல் இடம்.

ஒரு தடவை பட்டால் புத்தி வரும் என்பீர்கள். இல்லை.

* * *

1969-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில், ஒரு பூங்காவுக்காகப் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்தது. 'ஃபோர் டாப்ஸ்' கோஷ்டியின் ஓபி பென்ஸன் அதைப் பார்த்தார். என்னதான் நடக்கிறது இங்கே என்ற கேள்வி அவருக்குள் பாட்டாக ஆரம்பித்தது. சொந்தக் கோஷ்டிக்கே அது பிடிக்கவில்லை. மார்வினிடம் வந்தது. மார்வினின் தம்பி வியட்நாமிலிருந்து திரும்பியவர். அங்கே பார்த்ததை அண்ணனிடம் சொல்லியிருந்தார். பாட்டு வளர்ந்தது.

1970-ல் பதிவு செய்தார்கள். ஸாக்ஸபோன் வாசிக்க வந்தவர் சும்மா ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதுவே போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார் மார்வின். அந்த வெள்ளோட்டம்தான் பாட்டின் ஆரம்பம். மார்வின் இரண்டு தரம் பாடியதை ஒப்பிட்டுப் பார்க்க ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டும்போது, தவறுதலாக இரண்டும் ஒரே சமயத்தில் ஒலித்தன. ஒரே மனுஷன் தன்னோடு தானே பேசுகிற மாதிரி இருந்தது. அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

கோர்டிக்குப் பிடிக்கவில்லை. காதல் பாட்டுக்காரன் எதற்குப் போர், போலீஸ் என்று பாட வேண்டும், இருக்கிற ரசிகர்களும் போய்விடுவார்கள் என்றார். மார்வின், இது வெளியே வராமல் வேறு எதுவும் பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் மற்றவர்கள் 1971 ஜனவரியில் பாட்டை வெளியிட்டார்கள். பறந்தது. இப்போது முழு ஆல்பமும் வேண்டும் என்று அதே கோர்டி கேட்டார். மே மாதம் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தது. இத்தனை வருஷம் மோட்டவுன் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்த வாத்தியக்காரர்களின் பெயர்களும் முதல்முறையாக அட்டையில் வந்தன. 2020-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது முதல் இடம் இதற்குத்தான். 2003 பட்டியலில் ஆறாவது. பெரிய பத்திரிகைக்கும் மார்க் மாறும்.

* * *

ஆகவே முதலாளிகள் எல்லோரும் முட்டாள்கள், ரசிகன் எப்போதும் சரி என்று எழுதி முடித்துவிடலாம். ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு இனிக்கும். ஆனால் பொய்.

ஷுகி ஓடிஸ் என்று ஒருவர். 1974-ல், வயது இருபதுகளின் ஆரம்பத்தில், கிட்டத்தட்ட எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, மூணு வருஷம் இழைத்து 'இன்ஸ்பிரேஷன் இன்ஃபர்மேஷன்' என்ற ஆல்பம் போட்டார். கம்பெனி ஒழுங்காகத்தான் வெளியிட்டது. ஜனங்கள்தான் வாங்கவில்லை. கம்பெனி அவரைக் கைவிட்டது. 2001-ல் வேறொரு கம்பெனி அதைத் தேடி எடுத்து மறுபடி வெளியிட்டபோது, அடடா என்றார்கள். அடடா சொல்ல 27 வருஷம்.

அப்படியானால் முதல் தடவை கேட்டு யார் சொல்வதையும் நம்ப முடியாது. முதலாளி, ரசிகன், பத்திரிகைக்காரன் யாராக இருந்தாலும். ஸ்லை ஸ்டோனின் 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்', அதுவும் 1971. அழித்து அழித்துப் பதிவு செய்ததில் டேப்பே தேய்ந்து, பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். அன்றைக்குச் சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள், இன்றைக்கு அந்த மங்கலைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு பாட்டும் அட்டையில் உண்டு. நீளம் பூஜ்யம் நிமிஷம், பூஜ்யம் வினாடி. ஹெட்மாஸ்டர் அதற்கு மட்டும் தனியாகப் பத்துக்குப் பத்து போட்டார். "ஒரு இடத்துலகூட சுருதி விலகலை."

* * *

வாக்குக் கொடுத்தபடி அந்த முதல் ஆல்பத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு கரண்ட் போகாமல் இருந்ததைக் கொண்டாட, பழைய ஆல்பம் ஒன்றைத் திரும்பக் கேட்கலாம் என்றான் பையன். 'வாட்ஸ் கோயிங் ஆன்'. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக நழுவும். ராகமாலிகை என்றார் ஹெட்மாஸ்டர். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்பது போட்டேன்.

மச்சினன் நோட்டைப் புரட்டினான். "அத்தான், போன தடவை நீங்க எவ்ளோ போட்டிருக்கீங்க தெரியுமா? நாலு. கீழே ஒரு குறிப்பு வேற. 'ஒரே மாதிரி இருக்கு, அழுகுணிப் பாட்டு'. உங்க கையெழுத்துதான்."

பையன் அன்றைக்கே ஒன்பது போட்டிருந்தான். உனக்கென்னப்பா வயசாச்சு, இன்னும் நிறையக் கேட்கணும் என்று நான் சொன்னது நோட்டில் இல்லை, ஞாபகத்தில் இருந்தது. அவன் அப்போதும் சிரித்தான். இப்போதும் ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தான். சொல்லியிருந்தால் தேவலை.

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது. மூணு மாசத்துக்கு முன்னால் இதே பையன் ஆபீஸில், கவுன்ட்டரில் கொடுக்கிற விண்ணப்பப் படிவத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிக் கொண்டுவந்தான். 'மேற்படியார்', 'கீழ்க்கண்டவாறு' எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, 'உங்கள் பெயர் என்ன?' என்று பேசுகிற மாதிரி கேட்டிருந்தான். படித்து முடிப்பதற்குள் சிவப்பு மையில் 'நம் ஆபீஸ் வழக்கம் இது அல்ல' என்று எழுதித் திருப்பிவிட்டேன். அதற்கு நாலு மார்க்கூட இல்லை.

திங்கள்கிழமை போனதும் கேட்டேன். "அந்தப் படிவம் இருக்கா, கிழிச்சுட்டியா?"

"இருக்கு சார். இப்ப பிடிச்சிருக்கா?"

"இல்லை. இப்பவும் பிடிக்கலை. அம்பது காப்பி எடு. கவுன்ட்டர்ல வை. ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

வைத்திருக்கிறோம். மேலதிகாரிக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் மத்தியானம் சாண்ட்விச்தான் கொண்டுவருகிறார்.