டிபிஎம்எஸ் லேப்ல ஒரு எக்ஸ்பெரிமென்ட் குறையுது

நாலாவது செமஸ்டர் டிபிஎம்எஸ் லேப் ரெக்கார்டை ஒருமுறை புரட்டிப் பாருங்க. டேபிள் கிரியேட் பண்ணு, இன்செர்ட் பண்ணு, ஜாயின் போடு, டிரிகர் எழுது, கடைசியில லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு ஒரு மினி புராஜெக்ட். எல்லாமே காலி மெஷின்ல, காலி டேபிள்ல ஆரம்பிக்கிற வேலை. லேப் முடிஞ்சதும் டிராப் டேபிள் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவோம்.

வேலைக்குப் போனா காலி மெஷினை யாரும் நம்ம கையில தர மாட்டாங்க. யாரோ எட்டு வருஷம் முன்னாடி போட்டுட்டுப் போன டேட்டாபேஸ் அங்க ஓடிக்கிட்டிருக்கும். அதைப் புது வெர்ஷனுக்கு மாத்தணும், உள்ள இருக்கற ஒரு வரிகூடக் கெடக் கூடாது. இதுக்கு நம்ம ரெக்கார்ட்ல ஒரு பக்கமும் இல்லை. ஒரே ஒரு லேப் கிளாஸ் இதுக்கு ஒதுக்கணும்னுதான் இதை எழுதறேன். ஏன்னா, அது இல்லாததால நம்ம இதழே ஒரு தடவை அடி வாங்கியிருக்கு.

பழைய இதழ்கள் இருந்த சைட் ரொம்ப நாளா லேப் மூலையில இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஓடிச்சு. உபுண்டு 14.04, மைஎஸ்கியூஎல் 5.5. ஃபேன் சத்தம் ஆவடி பிளாட்பாரத்துல எக்ஸ்பிரஸ் கடந்து போற மாதிரி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது சர்வர் கிடைச்சது, அதுல மைஎஸ்கியூஎல் 8.0. டம்ப் எடுத்தோம், புது சர்வர்ல இறக்கினோம், ஒரு எரரும் வரலை. கையைத் தட்டிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டோம். அண்ணனூர் தாண்டறதுக்குள்ள ஒரு ஜூனியர்கிட்டயிருந்து மெசேஜ்: "அண்ணா, சைட்ல தமிழே இல்லை."

தமிழ் அங்கதான் இருந்தது, வேற வேஷத்துல. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலா தலையில கொம்பு வெச்ச ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துக்குள்ள ஆர் போட்ட டிரேட்மார்க் குறியும் வரிசையா நின்னுச்சு. 'தமிழ்'னு நாம எழுதினா அது யூனிகோட்ல அஞ்சு குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஆக மொத்தம் 15. மைஎஸ்கியூஎல் 5.5-ல நீங்க எதுவும் சொல்லலைன்னா டேபிளோட எழுத்து வகை லத்தீன்-1. அதுல ஒரு பைட் ஒரு எழுத்து. சைட்டோட பிஎச்பியும் 'நான் லத்தீன்-1 பேசறேன்'னு சொல்லித்தான் சர்வரோட பேசிக்கிட்டிருந்தது. 15 பைட் உள்ள போச்சு, அதே 15 பைட் வெளிய வந்தது, பிரவுசர் அதைத் தமிழாக் காட்டிச்சு. உள்ள போற இடத்துல ஒரு தப்பு, வெளிய வர்ற இடத்துல அதே தப்பு. ரெண்டும் சேர்ந்து பல வருஷம் சரியா ஓடிடுச்சு.

8.0-ல டீஃபால்ட் யூடிஎஃப்8எம்பி4. புது பிஎச்பி சர்வர் சொன்ன வகையையே எடுத்துக்கிச்சு. சர்வரோ டேபிளைப் பார்த்து 'இது லத்தீன்-1 ஆச்சே'ன்னு நேர்மையா ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா மாத்திக் கொடுத்துச்சு. புது சர்வர் மேல ஒரு தப்பும் இல்லை. நம்ம பழைய தப்பை அது மறைக்க மறுத்துடுச்சு, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்து வினாடி வினா முடிவுப் பக்கத்துல நடந்தது. அந்த டேபிள்ல 'ரேங்க்'னு ஒரு காலம். 8.0-ல விண்டோ ஃபங்ஷன்கள் வந்தப்போ ரேங்க்ங்கற சொல்லை அதுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. டம்ப் ஃபைல்ல காலம் பேரைச் சுத்தி பேக்டிக் இருந்ததால டேபிள் சமத்தா இறங்கிடுச்சு. சீனியர் எழுதின கொயரில பேக்டிக் இல்லை, பக்கம் விழுந்துடுச்சு. ரேங்க்னு காலம் இல்லாத காலேஜ் டேட்டாபேஸ் தமிழ்நாட்டுல எத்தனை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

"ஓடற வண்டியை ஏன்டா தொடறீங்க?"ன்னு ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் நிறுத்திட்டாங்களே. மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோட ஆதரவு முடிஞ்சது. 8.0-க்கு 2026 ஏப்ரல் வரைக்கும்தான் கணக்கு, அதுக்கப்புறம் 8.4. போஸ்ட்கிரெஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடறாங்க, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷம் ஆயுசு. நீங்க செகண்ட் இயர்ல இன்ஸ்டால் பண்ணினது, வேலையில நிலைக்கறதுக்குள்ள காலாவதி ஆயிடும். அதுக்கப்புறம் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சாலும் அடைக்க ஆள் வராது.

'புதுசு வந்துடுச்சா, இன்னைக்கே போடு'ங்கற கோஷ்டியும் நம்ம கிளாஸ்ல உண்டு. அவங்க கிட்ஹப்பைப் பார்க்கலாம். 5.7-ல இருந்து 8.0-க்குப் போன கதையை 2023 டிசம்பர்ல அவங்களே எழுதினாங்க. 1,200-க்கு மேல மைஎஸ்கியூஎல் சர்வர், 300 டெராபைட்டுக்கு மேல டேட்டா, வேலை ஒரு வருஷத்துக்கு மேல. முதல்ல ரெப்ளிகாக்களை மட்டும் 8.0-க்கு மாத்தி, படிக்கிற வேலையை மட்டும் அதுங்ககிட்ட கொடுத்துப் பார்த்தாங்க. அது நின்னப்புறம்தான் பிரைமரியை மாத்தினாங்க. அப்பவும் பழைய 5.7 சர்வர்களை பக்கத்துலயே ஓட விட்டாங்க, ஏதாவது ஆனா திரும்பி ஓட. அங்கயும் எழுத்து விஷயம் தடுக்கிச்சு: 8.0-வோட புது டீஃபால்ட் கொலேஷனை 5.7-க்குத் தெரியாது, அதனால பழையதுக்குத் திருப்பி அனுப்பினா ரெப்ளிகேஷன் உடையும். ஃபேஸ்புக் 5.6-ல இருந்து 8.0-க்குப் போனப்போ, அவங்களே எழுதி வெச்சிருந்த 1,700-க்கு மேல பேட்ச்களை ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

திரும்பி ஓடறதுன்னு சொன்னேனே, அதுதான் விஷயத்தோட உயிர். 8.0-க்குப் போனப்புறம் அதே டேட்டாவோட 5.7-க்கு இறங்க வழி இல்லை. முன்னாடி எடுத்த பேக்கப்தான் ஒரே கதி. போஸ்ட்கிரெஸ்ல பிஜி_அப்கிரேடை லிங்க் முறையில ஓட்டினா நிமிஷத்துல முடியும். ஆனா பழைய ஃபைலும் புது ஃபைலும் ஒண்ணுதான், புது சர்வரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா பழசைத் தொட முடியாது.

நம்ம ஏரியால இது ஒண்ணும் புதுப் பாடம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்ல செட்டிங் மாத்தினா, முதல் பீஸை க்யூசி அளந்து பார்த்து ஓகே சொல்லாம லாட் ஓட்ட மாட்டாங்க. டிப்ளமோ முடிச்சு வர்ற பையனுக்கு முதல் வாரத்துலயே இது தெரிஞ்சிடும். இப்ப அதே அம்பத்தூர்ல பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிக்குது. அங்க வேலைக்கு அப்ளை பண்ற நமக்கு முதல் பீஸ்னா என்னன்னு யாரும் சொல்லித் தரலை.

நான் கேட்கற எக்ஸ்பெரிமென்ட் ரொம்ப சிம்பிள். டாக்கர்ல ரெண்டு கன்டெய்னர், ஒண்ணுல 5.7, இன்னொண்ணுல 8.0. 5.7-ல வேணும்னே லத்தீன்-1 டேபிள், அதுல தமிழ்ப் பேர்கள், ஒரு ரேங்க் காலம். மைஎஸ்கியூஎல் ஷெல்லோட அப்கிரேட் செக்கரை ஓட்டி அது எதைப் பிடிக்குது, எதை விடுதுன்னு எழுதணும். அப்புறம் மாத்தி, உடைச்சு, பழைய பேக்கப்புக்குத் திரும்பணும். திரும்பி வந்ததுக்குத்தான் மார்க். "சிலபஸ்ல இல்லையே"ன்னு பதில் வரும்னு தெரியும். மினி புராஜெக்டுக்கு ஒதுக்கின நேரத்துல ஒரு மதியம் போதும். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் ஒண்ணு குறைஞ்சா லைப்ரரி கோவிச்சுக்காது.

எங்க கதைக்கு வர்றேன். பைட் எதுவும் அழியலை, அதனால மீட்க முடிஞ்சது. காலத்தை முதல்ல பைனரியா மாத்தணும், 'இது வெறும் பைட், எழுத்து இல்லை'ன்னு சொல்ற மாதிரி. அப்புறம் அதையே யூடிஎஃப்8எம்பி4-ஆ அறிவிக்கணும். ரெண்டு ஆல்டர் டேபிள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூணு நாள் ஆச்சு.

அந்த மூணு நாள்ல நல்ல எண்ணத்தோட ஒருத்தர் அட்மின் பக்கத்துல போய் நாலு பழைய கவிதைகளைக் கையால டைப் பண்ணி சேவ் பண்ணிட்டார். டேபிள் அப்பவும் லத்தீன்-1, ஸ்ட்ரிக்ட் மோடும் ஆஃப். லத்தீன்-1-ல இடமில்லாத ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒரு கேள்விக்குறியா மாறிடுச்சு. இதுக்கு ஆல்டர் டேபிள் இல்லை. மூணு கவிதை பேக்கப்ல இருந்து வந்துடுச்சு. நாலாவது பேக்கப்புக்கு அப்புறம் ஏத்தினது. ஒரு சீனியர் அக்கா அவங்க அம்மாவைப் பத்தி எழுதினது. சைட்ல இப்பவும் இருபத்திரண்டு வரி கேள்விக்குறியா நிக்குது, வார்த்தைகளுக்கு நடுவுல இடைவெளி மட்டும் சரியா இருக்கு. அஞ்சு கேள்விக்குறி சேர்ந்து வர்ற இடமெல்லாம் 'அம்மா'வா இருக்கலாம்னு நாங்க யூகிச்சு வெச்சிருக்கோம். யார்கிட்டயாவது அந்தக் கவிதையோட ஸ்கிரீன்ஷாட் இருந்தா ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க.