பெருநாட் பட்டியலின் முதல் வரி

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குரிய உணவுப் பொருள்களை எப்பொழுது, எவ்வாறு வாங்குவது என்னும் விஷயம் ஒரு கல்லூரி மாணவன் எழுதத்தக்கதோ என்று நகைப்பார் சிலர் உளர். அடுக்களைக் கணக்கு அன்னையர்க்கே உரியதென்பது அவர் கருத்துப் போலும். ஆயினும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் உண்பதில் நாம் எவர்க்கும் பின்னிற்பதில்லையாதலின், அக்கணக்கில் நமக்கும் ஒரு பங்குண்டென்றே யான் எண்ணுகின்றேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளிற் பிறந்தோர் நம்முட் பலர். அங்குள்ள கிறிஸ்தவ இல்லங்களில் பண்டிகைக்கு இரண்டு வாரத்திற்கு முன்பே எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேறிவிடும். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் வேண்டும். அதிரசத்திற்குப் பச்சரிசியும் வெல்லமும். அச்சுமுறுக்குக்கு மாவும் முட்டையும் தேங்காய்ப்பாலும். இவையனைத்தும் ஒரே காலத்தில் மலிவனவல்ல. பதநீர் இறங்குவது வெயிற்காலத்தில். கருப்பட்டி நயமாகக் கிடைப்பதும் அப்பொழுதே. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதனை வாங்கப் புகுவார், விலையையும் மிகுதியாகக் கொடுத்து, ஈரம் பட்டுக் கசிந்த கட்டியையும் சுமந்து வருவர். என் பாட்டியார் வைகாசியில் வாங்கிய கருப்பட்டியை ஓலைக் கொட்டானிலிட்டு, அடுப்புக்கு மேலுள்ள பரணிற் புகைபடும்படி வைத்திருப்பார். முட்டையும் இறைச்சியும் காய்கறியும் இறுதி வாரத்தில் வாங்கற்பாலன. இவை யாவரும் அறிந்தனவே, விரிப்பிற் பெருகும்.

யாவரும் அறிந்தும் நினையாதது ஒன்றுண்டு. கருப்பட்டியின் விலையை ஏற்றும் அதே வடகிழக்குப் பருவமழை, பலருடைய கூலியையும் நிறுத்திவிடுகின்றது. பாத்தியில் மழைநீர் நிற்க உப்பு எவ்வாறு விளையும்? தூத்துக்குடி உப்பளங்களில் அக்காலத்தே வேலை இல்லை. பனையேறிகட்கும் அது பதநீரற்ற பருவம். கடல் கொந்தளிக்கும் நாளில் வள்ளங்கள் கரையிற் கிடக்கும். ஆகவே, நாம் பண்டிகைச் சாமானுக்கென்று கைதாராளமாய்ச் செலவிடும் திங்கள்களே நம் அயலார் பலர்க்கு வருவாயற்ற திங்கள்களாம். டிசம்பர் 25-ஆம் நாள் ஒரு பொட்டலம் சோறு வழங்கிவிட்டாற் கடன் தீர்ந்தது என்பார், இக்கணக்கை நோக்கினாரல்லர்.

இதனை யான் நூலிற் படித்து உணரவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டில் மாவிடித்து, முறுக்குப் பிழிந்து, மூன்று நாள் அடுப்பருகே நின்று வெந்த முதிய அம்மையார் ஒருவர்க்கு, பண்டிகைக்கு மறுநாள் மாலையில், டப்பாவின் அடியிற் கிடந்த உடைந்த முறுக்கையும் நான்கு அதிரசத்தையும் ஒரு தட்டிலிட்டு யான் கொண்டு சென்றேன். அவரை நாங்கள் மறந்தோமல்லோம். மிஞ்சட்டும், கொடுப்போம் என்றிருந்துவிட்டோம். கூலி கொடுத்தாயிற்றே என்பது எங்கள் மனச்சமாதானம். அவர் இல்லத்தில் அன்று அடுப்பு மூட்டிய அடையாளம் இல்லை. பண்டத்தை எடுத்து வைத்தபின், "வெறுந்தட்டாக் கொண்டு போகக் கூடாது, ராசா" என்று கூறி, ஒரு தகர டப்பாவைத் துழாவிச் சிறிது சீனியை அத்தட்டிலிட்டு நீட்டினார். அவரிடம் இருந்த சீனியில் அது எத்துணைப் பங்கோ யானறியேன். அது சிந்தாதபடி வீடு வரையிற் குனிந்தே நடந்தேன்.

அன்று முதல், ஏழையின் பங்கு பட்டியலின் முதல் வரியாதல் வேண்டும் என்பது என் துணிபு. முதல் வரி என்பதற்குக் காரணமுண்டு. விலையேறும்பொழுது முதலில் அடிபடுவது கடைசி வரியே.

என்னுடன் தமிழ் பயிலும் நண்பரொருவரிடம் இதனைக் கூறியபொழுது, அவர் புறநானூற்று 163-ஆம் பாட்டைக் காட்டி என்னை மடக்கினார். குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், இன்னார்க்கென்று பாராமலும், தம்மைக் கேளாமலும், இதனைக்கொண்டு வளமாக வாழ்வோமென்று கருதாமலும் எல்லார்க்கும் கொடுக்குமாறு தம் மனைவியைப் பணிக்கும் பாட்டு அது. ஈகைக்குப் பட்டியல் எதற்கு என்பது நண்பர் வாதம். சில நாள் விடையறியாதிருந்தேன். பின்னர் அப்பாட்டை மீண்டும் படித்தபொழுது ஒன்று புலனாயிற்று. எல்லார்க்கும் என்று முடிக்குமுன், அவள்பால் அன்புடையார், அவளால் அன்பு செய்யப்படுவார், அவள் சுற்றத்தார், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவினார் எனப் புலவர் ஒரு வரிசை வைக்கின்றாரே! குறியெதிர்ப்பையாவது அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தரும் கடன். யாரிடம் எத்தனை நாழி வாங்கினோம் என்பதை அவ்வம்மையார் மறந்திருப்பரோ? பட்டியல் அவர் உள்ளத்தில் முன்னரே இருந்தது. பொருள்தான் பின்னர் வந்தது. புலவர் விலக்கியது தமக்கென்று பதுக்கும் கணக்கையேயாம். என் நண்பர் இதனை முற்றும் ஏற்றிலர், அது நிற்க.

நம் முன்னோர் சபைகளிற் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர்; உண்டு எஞ்சியதையன்று. 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாள்களில், பண்டிகைக்கு ஒரு வாரமே இருக்க, தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தால் மறிக்கப்பட்ட இரயிலின் பயணிகளுக்கு அருகிலுள்ள கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியைக் கொணர்ந்து சமைத்திட்டனர். திடீரென வரும் துன்பத்திற்குத் திட்டமேது என்பார், அன்று உலையேறிய அரிசி முன்னரே பானையில் இருந்ததனை எண்ணுவாராக.

கொடுப்பது சமைத்த சோறாயிராமற் சமைக்கும் பொருளாயிருத்தல் நன்று என்பதும், அதுவும் ஆகமன காலத்து முதல் ஞாயிற்றிலேயே சென்று சேர்தல் வேண்டும் என்பதும் என் கருத்து. கடந்த பண்டிகைக்கு என் தாயார் அவ்வாறே செய்தார். நமக்கு வாங்கிய அதே பச்சரிசி, அதே வெல்லம், அதே எண்ணெய், மட்டமான சரக்கன்று. பண்டிகை நாட் காலை, ஆராதனை முடிந்து யாம் வீடு திரும்புமுன், அம்முதியவர் வீட்டு அதிரசம் எங்கள் திண்ணையில் வந்திருந்தது. பாகு சற்று முற்றிவிட்டது போலும்; பல்லுக்குக் கடினமாயிருந்தது. யாவரும் உண்டோம். தட்டைக் கழுவிய என் தாயார், அதிற் சிறிது சீனியை இட்டு என்னிடம் கொடுத்தார்.