இரண்டு மாத்திரை, ஒரே மருந்து

பெங்களூர்க் குளிரும் சாலைத் தூசியும் நம்மைச் சும்மா விடுவதில்லை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம்மவர்களில், தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் லீவு போட்டு டாக்டரிடம் போகிறவர்கள் சிலரே. ஒரு நாள் சம்பளத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் 'நெகடி' என்றால் இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வாங்குவதைக் கூட மன்னிக்கலாம். என்ன மருந்து என்று கேட்காமலே விழுங்குவதை எப்படி மன்னிப்பது?

சளி மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மருந்துகள். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால், தும்மலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் என்று மூன்றும் ஒன்றிலேயே இருக்கும். இது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக ஒரு 650, தும்மலுக்குத் தனியாக ஒரு செட்டிரிசின் என்று போட்டுக்கொள்கிறோம்.

கணக்குப் பாருங்கள். 500 மி.கி. பாராசிட்டமால் உள்ள கூட்டு மாத்திரை நான்கு வேளைக்கு 2,000 மி.கி. கூடவே 650 நான்கு வேளைக்கு 2,600. மொத்தம் 4,600. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச அளவே 4,000 தான். மிஞ்சினால் ஈரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவிலேயே ஆபத்து.

செட்டிரிசினும் குளோர்பெனிரமினும் ஒரே வகை மருந்துகள். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் கண்ணைச் சொக்கும். அந்த மயக்கத்தோடு இரவு ஷிப்டில் மெஷின் முன் நிற்பதும், ஓசூர் ரோட்டில் பைக் ஓட்டுவதும் எவ்வளவு விபரீதம்! ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால் ஃபினைலெஃப்ரின் அதை இன்னும் ஏற்றக்கூடும். இத்தனைக்கும், இதை மாத்திரையாகச் சாப்பிடுவதால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று 2023-இல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உத்தரவிட்டது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

எச்சரிக்கையும் மருந்தின் பெயரும் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கின்றன. கத்தரித்த துண்டில் அவை இருப்பதில்லை. ஆகவே முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். பத்து மாத்திரைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'இதரல்லி ஏனிதே?' (இதில் என்ன இருக்கிறது?) என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலும், மூச்சு வாங்கினாலும் சம்பளத்தைப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

பொங்கல் விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும் நம் சங்கங்கள், இந்த நாலு விஷயத்தையும் தமிழில் ஒரு நோட்டீசாக அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தால் என்ன?