அபராத ரசீதுகளின் ஊர்

மினியாபொலிஸ் போலீஸ் கையில் உயிரிழந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் ஐந்தாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான்கே நாள் இருந்தபோது, 2025 மே 21 அன்று, அமெரிக்க நீதித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மினியாபொலிஸ், லூயிவில் நகரக் காவல்துறைகளை நீதிமன்றக் கண்காணிப்பில் சீர்திருத்துவதற்காகத் தொடுத்த வழக்குகளைக் கைவிடுகிறோம் என்றது. அதோடு நின்றிருந்தால், ஆட்சி மாறினால் கொள்கையும் மாறும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஃபீனிக்ஸ், மெம்ஃபிஸ், ஓக்லஹோமா சிட்டி உள்ளிட்ட ஊர்களின் போலீஸ் பற்றி அதே நீதித்துறை விசாரித்து எழுதிய முடிவுகளையும் திரும்பப் பெறுவதாகச் சொன்னது.

அரைகுறையான கணக்குகளை வைத்துக் காவலர்கள் மீது பழி சுமத்திவிட்டார்கள், உள்ளூர் போலீஸை வாஷிங்டனிலிருந்து ஆட்டிவைக்கப் பார்த்தார்கள் என்பது இன்றைய நிர்வாகத்தின் வாதம். நீதிமன்றக் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், நகராட்சிகளுக்குப் பெரும் செலவு வைக்கும் என்ற குறை நியாயமானதுதான். அதைச் சரிசெய்ய வழி தேடலாம். விசாரித்துக் கண்டதை இல்லையென்று ஆக்குவதை மட்டும் எந்த வகையிலும் ஏற்க முடியாது. இத்தகைய விசாரணை அறிக்கைகள் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யக்கூடியவை என்பதை அமெரிக்கா ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது, ஃபெர்குசனில்.

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய சிறிய ஊர் அது. மக்கள்தொகை சுமார் 21,000. மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். அங்கே 2014 ஆகஸ்ட் 9 நண்பகலில், நடுரோட்டில் நடந்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்களை நடைபாதைக்குப் போகச் சொன்னார் டேரன் வில்சன் என்ற வெள்ளைக் காவலர். வாய்ப்பேச்சு முற்றியது, போலீஸ் வண்டியின் ஜன்னலோரம் கைகலப்பு ஆனது. சில நிமிடங்களுக்குள் 18 வயது மைக்கேல் பிரவுன் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார். கையில் ஆயுதம் இல்லை. ஆகஸ்ட் வெயிலில், அக்கம்பக்கத்துச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த உடல் சுமார் நான்கு மணி நேரம் தெருவிலேயே கிடந்தது.

மறுநாள் இரவு ஊர் பற்றி எரிந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டுகளும் ராணுவத்துக்கானவை போன்ற கவச வண்டிகளும் தெருவில் இறங்கின. வில்சன் மீது குற்றம் சாட்டத் தேவையில்லை என்று நவம்பர் 24 அன்று கிராண்ட் ஜூரி முடிவு செய்ததும் மறுபடியும் தீ. அமெரிக்கா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கையைத் தூக்கி நின்ற பிள்ளையைச் சுட்டுவிட்டார்கள் என்றது ஒன்று. கடையில் சுருட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன், போலீஸையே தாக்கினான், வேறு என்ன நடக்கும் என்றது மற்றொன்று.

2015 மார்ச் 4 அன்று, எரிக் ஹோல்டர் தலைமையில் இருந்த நீதித்துறை ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. முதல் அறிக்கை வில்சன் மீது வழக்குத் தொடர முடியாது என்றது. பிரவுன் கையைத் தூக்கிச் சரணடைந்தார் என்ற சாட்சியங்கள் தடயங்களோடு ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. இரண்டாவது அறிக்கை ஃபெர்குசன் காவல்துறையையும் நகராட்சி நீதிமன்றத்தையும் பற்றியது. சட்டத்தின் பெயரால் அந்த ஊர் தன் கறுப்பினக் குடிமக்களைப் பல ஆண்டுகளாகக் கசக்கிப் பிழிந்து வந்ததை அது ஆதாரத்தோடு அடுக்கியது.

அவரவர் தமக்கு வேண்டிய அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் பக்கம் நின்றவர்கள் முதல் அறிக்கையை உயர்த்திப் பிடித்தார்கள். போராடியவர்களில் பலர் அதைப் படிக்கவே விரும்பவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே துறை, ஒரே நாளில். இரண்டும் உண்மை. இதைச் சேர்த்து வைத்துப் பார்ப்பதற்குத்தான் அங்கே ஆளில்லாமல் போனது.

இரண்டாவது அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-இல் ஒரே ஒரு முறை காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர், அதற்கு மேல் கட்டணங்கள். கையில் காசில்லை. சில காலம் தங்க வீடும் இல்லை. வாய்தா தவறியதற்கும் தவணை தவறியதற்குமாக அடுத்த சில ஆண்டுகளில் ஏழு முறை அவர் மீது 'ஆஜராகவில்லை' என்ற குற்றச்சாட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாரண்ட், ஒரு புது அபராதம். இருமுறை கைதாகி, மொத்தம் ஆறு நாள் சிறையில் இருந்தார். ஒருமுறை 25 டாலரும் இன்னொரு முறை 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார். முழுத் தொகையும் தந்தால்தான் வாங்குவோம் என்று நீதிமன்றம் இரண்டையும் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பர் வரை அவர் கட்டியது 550 டாலர். அப்போதும் பாக்கி 541 டாலர்.

இன்னொருவர், 32 வயதுக்காரர். 2012 கோடையில் பூங்காவில் கூடைப்பந்து ஆடிவிட்டு, வியர்வை அடங்கட்டும் என்று தன் காரில் உட்கார்ந்திருந்தார். ஒரு காவலர் வந்து அவர் வண்டியை மறித்து நிறுத்தினார். பூங்காவில் குழந்தைகள் விளையாடுவதைக் காட்டி, எந்த முகாந்திரமும் இல்லாமல், நீ குழந்தைகளைக் குறிவைக்கிறவன் என்றார். காரைச் சோதனை போட அவர் மறுத்தார். அரசியல் சட்டம் தந்த உரிமையைச் சொன்னார். கைது செய்து எட்டுக் கேஸ் எழுதினார்கள். மைக்கேல் என்று சொல்லாமல் 'மைக்' என்று சொன்னதால் பொய்ப் பெயர் கொடுத்த குற்றம். நின்றுகொண்டிருந்த காரில் சீட் பெல்ட் போடாத குற்றம். பல ஆண்டுகளாகப் பார்த்து வந்த வேலை இதனால் போயிற்று.

இவர்கள் இருவரும் சுடப்படவில்லை. யாரும் இவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ஆனால் 2014 ஆகஸ்டில் தெருவுக்கு வந்த கூட்டத்தில் இப்படி ஒரு ரசீதோ வாரண்டோ இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்த ஆண்டு முடியும்போது ஃபெர்குசன் நீதிமன்றம் பிறப்பித்து நிலுவையில் கிடந்த பிடிவாரண்டுகள் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பெயரில் இருந்தன.

எதற்காக இவ்வளவும்? பணத்துக்காக. 2010-இல் அபராதமாகவும் கட்டணமாகவும் நகராட்சிக்கு வந்தது சுமார் 14 லட்சம் டாலர். 2015-க்கான பட்ஜெட்டில் எதிர்பார்த்தது சுமார் 31 லட்சம், பொது வருவாயில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. ஆண்டு முடிவதற்குள் நிறைய டிக்கெட் எழுதாவிட்டால் வசூலைப் பெரிதாக உயர்த்துவது கடினம் என்று நகராட்சியின் நிதி அதிகாரியே காவல்துறைத் தலைவருக்கு எழுதியிருக்கிறார். வசூலுக்கு அனுப்பப்பட்ட போலீஸ் யாரிடம் போனது? 2012 முதல் 2014 வரை வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்டவர்களில் 85 சதவீதமும் கைதானவர்களில் 93 சதவீதமும் கறுப்பினத்தவர். 'சாலையில் நடந்த விதம்' என்று ஒரு குற்றம் அந்த ஊர்ச் சட்டத்தில் அப்போது இருந்தது. அதில் மாட்டியவர்களில் 95 சதவீதம் அவர்கள்தான். நடைபாதைக்குப் போ என்று அந்த நண்பகலில் ஒரு காவலர் சொன்ன சொல், கேட்டவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இதனால் கடை எரித்தது நியாயமாகிவிடாது. அந்த நவம்பர் இரவில், அதே ஆண்டு புதிதாகக் கேக் கடை திறந்திருந்த ஒரு கறுப்பினத் தாயின் கடைக் கண்ணாடியும் நொறுங்கியது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பி அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். எரித்தவர்களை நாம் கண்டிக்கிறோம். அதே மூச்சில், பல ஆண்டுகள் ரசீது எழுதியே ஓர் ஊரைக் கொதிக்க வைத்தவர்களையும் கண்டிக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் ஒருநாள்கூடச் சிறைக்குப் போகவில்லை.

சுட்ட அந்தச் சில நிமிடங்களைப் பற்றி இன்றும் அமெரிக்கர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டாவது அறிக்கையின் கணக்கு மேசைக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வாரத்தில் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார். நகராட்சிகள் போக்குவரத்து அபராதத்தை நம்பிப் பிழைப்பதற்கான உச்சவரம்பை மிசூரி சட்டமன்றம் 2015-இலேயே குறைத்தது. அது குடியரசுக் கட்சி பெரும்பான்மை வகித்த சட்டமன்றம். மசோதாவைக் கொண்டுவந்தவரும் அந்தக் கட்சிக்காரர். 2016-இல் காவல்துறைச் சீர்திருத்தம் நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வந்தது. 2020-இல் எல்லா ஜோன்ஸ் என்பவர் அந்த ஊரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மைக்கேல் பிரவுன் நல்லவரா, டேரன் வில்சன் கெட்டவரா என்று ஊர் முழுக்கக் கத்தியிருந்தாலும் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் டயர் நிக்கோல்ஸ் என்ற 29 வயது இளைஞரை வாகனச் சோதனையைத் தொடர்ந்து காவலர்கள் அடித்தே கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் ஐந்து பேரும் கறுப்பினத்தவர். காக்கிக்குள் இருப்பவரின் நிறத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது, துறை எப்படி நடத்தப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தச் சாவே சாட்சி. மெம்ஃபிஸ் காவல்துறை எப்படி நடத்தப்படுகிறது என்று பார்த்து 2024 டிசம்பரில் எழுதிய அறிக்கைதான் 2025 மே மாதம் திரும்பப் பெறப்பட்டது.

மத்திய அரசு விலகினாலும் சீர்திருத்தம் தொடரும் என்று மினியாபொலிஸ் மேயர் ஜேக்கப் ஃப்ரே சொல்லியிருக்கிறார். மினசோட்டா மாநில மனித உரிமைத் துறையோடு 2023-இல் செய்த ஒப்பந்தம் அந்த நகரத்தை இன்னும் கட்டுப்படுத்துகிறது. அப்படி ஒரு பிடி எல்லா ஊர்களுக்கும் கிடையாது. மெம்ஃபிஸ், ஃபீனிக்ஸ் மேயர்களும் நகர மன்றங்களும் வாஷிங்டன் கைகழுவிவிட்டதென்று அந்த அறிக்கைகளை மூடி வைக்கக்கூடாது. அவற்றில் எது தவறு என்று காவல்துறை கருதுகிறதோ அதை மக்கள் முன்னால் மறுக்கட்டும். மறுக்க முடியாததற்கு, என்ன செய்யப்போகிறோம், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் சொல்லட்டும்.