மேல்முறையீடு செய்தவருக்கே தண்டனையைக் கூட்டலாமா?

தண்டிக்கப்பட்ட ஒருவர் மேல்முறையீடு செய்கிறார். அரசு செய்யவில்லை, பாதிக்கப்பட்ட குடும்பமும் செய்யவில்லை. கீழ் நீதிமன்றம் எந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்ததோ, அதற்கும் சேர்த்து மேல் நீதிமன்றமே முன்வந்து தண்டிக்கலாமா? கூடாது என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு போனது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து.

சம்பவம் நடந்தது 2003-இல். இரவு நேரத்தில் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் உள்ளே புகுந்து ஒரு பெண்ணிடம் அத்துமீறினார். மறுநாள் அந்தப் பெண் கைக்குழந்தையோடு உயிரை மாய்த்துக்கொண்டார். 2015-இல் விசாரணை நீதிமன்றம், வீடு புகுந்ததற்கும் மானபங்கப்படுத்தியதற்கும் அந்த அண்டை வீட்டுக்காரரைத் தண்டித்தது. தற்கொலைக்குத் தூண்டியதாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து சீராய்வு வழக்கு எடுத்து, 2021-இல் அந்தக் குற்றச்சாட்டிலும் அவரைக் குற்றவாளி ஆக்கியது. நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அதை ரத்து செய்து, விசாரணை நீதிமன்றம் கொடுத்த தண்டனையை மட்டும் உறுதிசெய்தது.

தாயும் குழந்தையும் இறந்த வழக்கில் இது என்ன நியாயம் என்று மனம் கொதிப்பது இயல்பு. உயர் நீதிமன்றத்தை உந்தியதும் அந்த ஆதங்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் உச்ச நீதிமன்றம் சொன்னதே சரி.

சட்டம் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. ஒன்று மேல்முறையீடு. விடுதலையை எதிர்த்து உரியவர் மேல்முறையீடு செய்தால், சாட்சியம் முழுவதையும் அலசி, விடுவிக்கப்பட்டவரை மேல் நீதிமன்றம் தண்டிக்கவும் செய்யலாம். ஆனால் தண்டிக்கப்பட்டவர் மட்டும் மேல்முறையீடு செய்திருந்தால் தண்டனையைக் கூட்ட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 386-ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 427-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. இரண்டாவது கதவு சீராய்வு. கீழ் நீதிமன்றம் தவறியதா என்று உயர் நீதிமன்றம் தானாகவே கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம். ஆனால் விடுதலையைத் தண்டனையாக மாற்றும் அதிகாரம் இதில் இல்லை. பழைய 401(3), இப்போதைய 442(3) ஆகிய பிரிவுகளில் இந்தத் தடை இருக்கிறது. தவறு பெரிதென்றால் மறுவிசாரணைக்கு அனுப்பலாம், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைத் தமிழகம் அண்மையில் பார்த்தது. 2023 டிசம்பரில் அன்றைய அமைச்சர் பொன்முடியின் விடுதலையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து 3 ஆண்டு சிறை விதித்தது லஞ்ச ஒழிப்புத் துறையின் மேல்முறையீட்டில். (அதை உச்ச நீதிமன்றம் பின்னர் நிறுத்திவைத்தது.) அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அவரது இன்னொரு விடுதலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது சீராய்வில். அங்கே நேரடியாகத் தண்டிக்க வழியில்லை.

தண்டனையின் அளவைப் பொறுத்தவரை சட்டம் எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. முறையாக நோட்டீஸ் கொடுத்தால் சீராய்வு அதிகாரத்தில் தண்டனையைக் கூட்டலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அந்தப் போக்கு நீடித்தால் விளைவு என்ன? வழக்கறிஞரிடம் வரும் குடும்பம் முதலில் கேட்பது, “அப்பீல் போட்டா தண்டனை கூடிடாதுல்ல சார்?” என்றுதான். “கூடினாலும் கூடும்” என்று பதில் சொன்னால், 3 ஆண்டுத் தண்டனையைத் தவறாகப் பெற்றவர்கூட வாயை மூடிக்கொண்டு சிறையிலேயே இருந்துவிடுவார். சிறை அதிகாரி வழியாக மனு அனுப்பும் ஏழைக் கைதிக்கு அந்த அச்சம் இன்னும் அதிகம். பயந்துகொண்டு பயன்படுத்த வேண்டியது உரிமையாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. சாட்சி கூண்டில் ஏறியதை, தடுமாறியதை, குறுக்கு விசாரணையில் முகம் மாறியதைப் பார்த்தவர் விசாரணை நீதிபதி ஒருவர்தான். மேல் நீதிமன்றத்தின் மேசைக்கு வருவது தட்டச்சுக் கட்டு. விடுதலையைப் புரட்டும்போது, நேரில் பார்த்தவரின் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1934-லேயே வலியுறுத்தியது. முறையான மேல்முறையீட்டுக்கே இவ்வளவு நிதானம் தேவையென்றால், யாரும் கேட்காத ஒரு தண்டனைக்கு எவ்வளவு தேவை?

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவார்? அவருக்கும் வழி உண்டு. 2009 டிசம்பர் 31 முதல், விடுதலையை எதிர்த்தோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதாதென்றோ அவரே மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கேட்கவும் தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2022-இல் இன்னொரு தமிழக வழக்கில், பாதிக்கப்பட்டவர்கள் சீராய்வு மனு போட, உயர் நீதிமன்றம் விடுதலையைத் தண்டனையாக மாற்றியது. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் மனுவைத் தூக்கிப் போடவில்லை, மேல்முறையீடாகக் கருதி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. எல்லையை மதித்தால் பாதிக்கப்பட்டவர் தோற்றுப்போவார் என்ற வாதம் இதனாலேயே நிற்கவில்லை.

மதுரை வழக்கில் உண்மையான தவறு நடந்தது 2015-இல். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அரசுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. அரசு வாளாவிருந்தது. தங்களுக்கும் உரிமை உண்டென்று அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொன்னார்களா? சொல்ல வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனடியாக, இலவசமாகக் கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவரோ பொதுவாக மனுப் போட்டு, கட்டணம் கட்டி வாங்க வேண்டியிருக்கிறது. தண்டனை குறைவு என்று மட்டும் சொல்லி அவர் மேல்முறையீடு செய்யவும் முடியாது. அந்த உரிமை அரசிடம்தான் இருக்கிறது.

மாற்ற வேண்டியது இவற்றைத்தான். விடுதலைத் தீர்ப்பு வந்த அன்றே அதன் நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டு உரிமையும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் முகவரியும் அதிலேயே தமிழில் இருக்க வேண்டும். மேல்முறையீடு வேண்டாம் என்று அரசுத் தரப்பு முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை 90 நாள் முடிவதற்குள் அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. தமிழக அரசும் சென்னை உயர் நீதிமன்றமும் மனம் வைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.